கல்கத்தாவில் இரண்டரை நாள்

கல்கத்தாவுக்குப் போகிறோம் என்ற சமாசாரத்தை நாங்கள் ரகசியமாகத்தான் வைத்திருந்தோம். ஆனால் டிக்கட் எடுத்த மறுநாளே அது தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் எவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு சீட்டோடுதான் வந்தார்கள். என் தமக்கைக்குச் சிவப்புக் கரை போட்ட வங்காளப் பருத்திப் புடவை ஒன்று. மைத்துனர் மனைவிக்கு டாக்கா ஜம்தானி. ஆனால் விலை மட்டும் டாக்கா விலையாக இருக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பாட்டிக்குக் காளி கோயில் குங்குமம். பேரப் பிள்ளைகளுக்கு டப்பாவில் அடைத்த ரசகுல்லா. இப்படியாகச் சேர்ந்த ஜாபிதாவை என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுத்தாள். இரண்டு பக்கமும் நிரம்பியது. மூன்றாம் பக்கத்தின் தலையில், தன் பங்குக்கு அவள் ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டாள்: "சங்கு வளை - ஒரு ஜோடி."

இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் நேயர்களுக்கு விளங்கும்.

என் மாமனார் தூத்துக்குடிக்காரர். அங்கே ஒரு சங்குக் கிடங்கில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மன்னார் வளைகுடாவில் குளிகாரர்கள் மூழ்கி எடுத்து வரும் சங்கை எண்ணி, அளந்து, பதிந்து, மூட்டை கட்டி அனுப்புவது அவர் வேலை. வட்டத் துவாரம் போட்ட ஒரு பலகையில் ஒவ்வொரு சங்காக நுழைத்துப் பார்க்க வேண்டும். துவாரத்தில் நுழைந்து வெளியே விழுந்தால் அது குட்டிச் சங்கு. மறுபடியும் கடலுக்கே போக வேண்டியது. நுழையாமல் நின்றால் கணக்கில் சேரும். உள்ளே இருக்கும் சதை அழுகிக் காயும் வரைக்கும் அந்தக் கிடங்கில் வீசும் நாற்றத்தைப் பற்றி என் மனைவி சொல்லும்போது, அறுபது வயதிலும் அவள் முகம் சுளிக்கும். மாமனார் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கிணற்றடியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது மாமியாரின் சட்டமாம்.

மூட்டைகள் எல்லாம் போன ஊர் கல்கத்தா. அங்கே சங்கை அறுத்துக் கல்யாணப் பெண்களுக்கு வளை செய்கிறார்கள் என்று மாமனார் கேள்விப்பட்டதுண்டு. ஆனால் கண்ணால் கண்டதில்லை. "லட்சம் லட்சமாக அனுப்புகிறோமே, இவ்வளவு சங்கையும் அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஒரு தேசத்தில் அவ்வளவு கைகளா இருக்கின்றன?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பாராம். பென்ஷன் வாங்கிய பிறகு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்குள் காலம் அவரை அழைத்துக்கொண்டது. எங்களுக்குக் கல்யாணமான நாள் முதல் இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

சென்னை சென்ட்ரலில் அவுரா மெயில் ஏறினோம். சுமார் 1,660 கிலோமீட்டர் பிரயாணம். கோதாவரியையும் சில்கா ஏரியையும் வருணிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கோதாவரி வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்ற உண்மையை மறைப்பதில் பயன் இல்லை. வியாழக்கிழமை இரவு வெகுநேரம் கழித்து வண்டி அவுராவில் போய் நின்றது. என் தமக்கையின் மகன் கல்கத்தாவில் உத்தியோகத்தில் இருக்கிறான். அவன் பிளாட்பாரத்தில் காத்திருந்து, எங்களை ஒரு மஞ்சள் டாக்ஸியில் ஏற்றினான்.

2001-ஆம் வருஷத்திலிருந்து இந்த ஊருக்குக் கொல்கத்தா என்பதே சர்க்கார் பெயர். வங்காளிகள் வாயில் எப்போதும் அப்படித்தான் இருந்ததாம். ஆனால் எங்கள் மாமனாரின் மூட்டைகளில் கல்கத்தா என்றுதான் எழுதியிருந்தது. ஆகவே இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த உடனே அவுராப் பாலம். இரவு விளக்கில் அதைப் பார்த்த என் மனைவி, "இதென்ன, மலையைக் கொண்டு வந்து ஆற்றில் வைத்திருக்கிறார்களே!" என்றாள். உண்மையில் ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இரு கரையிலும் நிற்கும் இரண்டு கோபுரங்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் ஆலையில் செய்தது. அந்நிய ஆட்சி கட்டிய பாலந்தான், ஆனால் எலும்பு நம்முடையது. 1943-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அதைத் திறந்தபோது மேளதாளம் எதுவும் இல்லை. ஜப்பானியரின் குண்டுக்குப் பயந்து சத்தமில்லாமல் திறந்தார்கள். 1965-இல் அதற்கு ரவீந்திர சேது என்று கவிஞரின் பெயரை வைத்தார்கள். பெயர் பொருத்தமானதுதான், ஆனால் டாக்ஸிக்காரரிடம் அப்படிச் சொன்னால் அவர் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்வார்.

இந்தப் பாலத்தைக் கடப்பதற்கு இப்போது இன்னொரு வழியும் உண்டு. 2024-ஆம் வருஷம் மார்ச் மாதத்திலிருந்து அவுராவுக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவே கங்கைக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடுகிறது. மறுநாள் காலையில் மருமான் எங்களை அதில் அழைத்துச் சென்றான். ஆற்றுக்கு அடியில் வண்டி இருப்பது ஒரு நிமிஷங்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே நீல விளக்குப் போட்டு, இதுதான் நதி என்று காட்டுகிறார்கள்.

"கங்கையைத் தலைக்கு மேல் தாங்கியவர் பரமசிவன் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது நானும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டேன்" என்றேன்.

"உங்கள் தலையில் ஜடை எங்கே இருக்கிறது?" என்றாள் என் மனைவி. எதிரில் உட்கார்ந்திருந்த மருமான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் விக்டோரியா நினைவு மண்டபம் பார்த்தோம். ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த வெள்ளைச் சலவைக்கல். கர்ஸன் பிரபுவின் யோசனை. ஒரு கோடியே ஐந்து லட்ச ரூபாய்ச் செலவு. பணமோ நம்முடைய சமஸ்தானாதிபதிகளும் ஜனங்களும் கொடுத்தது. 1921-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்து இளவரசர் வந்து இதைத் திறந்துவைத்தார். காங்கிரஸ் அந்த விஜயத்தைப் பகிஷ்கரித்திருந்தது. இவ்வளவும் தெரிந்திருந்துங்கூட, கட்டடம் அழகாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்னால் உள்ள குளத்தின் கரையில் கல்லூரி மாணவர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். ராணியின் வெண்கலச் சிலையை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தோட்டம் இப்போது நல்லவர் கையில்தான் இருக்கிறது.

பிற்பகல் முழுவதும் கரியாஹாட்டில் புடவை வேட்டை. கல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள இந்தக் கடைவீதியை, நம் ரங்கநாதன் தெருவுக்குத் தங்கை என்று சொல்லலாம்; அக்காள் கொஞ்சம் முரட்டுத்தனம், தங்கைக்குச் சற்று நாசூக்கு உண்டு. நடைபாதையில் பாதிக் கடை, உள்ளே மீதிக் கடை. நாங்கள் நுழைந்த கடையில் வெள்ளைத் துணி விரித்த மேடையில் எங்களை உட்காரவைத்து, புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வீசி விரித்தார்கள். சாந்திபூர், தனியாகாளி, புலியா என்று ஊர்ப் பெயரால்தான் புடவைக்கு மரியாதை. புலியாவில் நெய்பவர்களில் பலர், தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்து டாங்காயிலிலிருந்து தறிக் கட்டையும் குடும்பமுமாக வந்து குடியேறியவர்கள். இதை அந்தக் கடைக்காரர்தான் சொன்னார். சொன்ன கையோடு, "சுத்தக் கைத்தறி, அம்மா" என்று ஒரு புடவையை என் மனைவி மடியில் வைத்தார்.

அவள் கரையை ஒட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கைத்தறியில் துணி சுருங்காமல் இருக்க இரண்டு ஓரத்திலும் ஊசி பொருத்திய ஒரு குச்சியால் விரித்துப் பிடிப்பார்கள். அந்த ஊசியின் சிறு துளைகள் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். இந்தப் புடவையில் ஒன்றும் தெரியவில்லை. "இது விசைத்தறி" என்றாள் அவள் தமிழிலேயே. மருமான் அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் நேரவில்லை. கடைக்காரர் சிரித்துவிட்டு, உள்ளே இருந்த பீரோவைத் திறந்தார்.

1905-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி அந்நியத் துணியைப் பகிஷ்கரிப்பது என்று தீர்மானித்த மகாசபை கூடியது இந்த ஊரின் டவுன் ஹாலில்தான். அந்தத் தேதியைத்தான் 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று எதிரி மான்செஸ்டரில் இருந்தான். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். இன்றைக்கோ ஓரத்துத் துளையைத் தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது. எப்படியோ, பீரோவிலிருந்து வந்தவற்றில் ஐந்து புடவைகளை வாங்கினோம். ஜாபிதாவில் ஒரு பக்கம் தீர்ந்தது. ஜம்தானியின் விலை டாக்கா விலையாகத்தான் இருந்தது. அதை மைத்துனர் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை.

சனிக்கிழமை காலையில் நியூ மார்க்கெட். 1874-ஆம் வருஷம் வெள்ளைக்காரர்களின் சௌகரியத்துக்காகக் கட்டிய செங்கல் கட்டடம். சுதேசி ஜனங்களோடு தோளுரசாமல் காய்கறி வாங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இன்றைக்கு அங்கே தோளுரசாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. கேக்கு, பாலாடைக்கட்டி, பூ, பெட்டி, செருப்பு, பொம்மை, எல்லாம் உண்டு. நாலு முனையிலும் நாலு பேர் உங்களைத் தங்கள் கடைக்கு இழுக்கிறார்கள்.

இங்கேதான் என் மனைவியின் மூன்றாம் பக்கத்துக்கு முதல் சோதனை ஏற்பட்டது. ஒரு சிறு கடையில் வெள்ளை வெளேரென்று சங்கு வளைகள் அடுக்கியிருந்தன. ஓரத்தில் பூவேலை; இரண்டு பக்கமும் மகர முகம். விலையும் சொற்பம். அவள் கண்கள் பளிச்சிட்டதை நான் பார்த்தேன். நான் கைபேசியை நீட்டிப் பணத்தைச் செலுத்தியே விட்டேன். கடைக்காரர் வளையைக் காகிதத்தில் சுற்றும்போது, அவள் அதை வாங்கிக் கன்னத்தில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டாள். பிறகு நகத்தால் தட்டினாள்.

"சங்கு கன்னத்தில் பட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். இது சூடாகிறது. பிளாஸ்டிக்" என்றாள்.

கடைக்காரர் வங்காளியில் வெகு நேரம் பேசினார். பணம் திரும்பி வரவில்லை. அந்த வளையை அவள் அங்கேயே மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தாள். பணம் போனதில் எனக்கு வருத்தம். அவளுக்கோ வேறு வருத்தம். "அப்பா கேட்ட கேள்விக்கு இதுதானா பதில்?" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவள் ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தோடுதான் காலேஜ் தெருவுக்குப் போனோம். தெருவின் இருபுறமும் மைல் கணக்கில் புத்தகம். தகரக் கொட்டகை, மரப் பலகை, கோணிச் சாக்கு, எங்கே பார்த்தாலும் புத்தகம். நம் மூர்மார்க்கெட் 1985-இல் தீப்பற்றி எரிந்ததை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தத் தெருவை ஒட்டி ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் காபி ஹவுஸ் இருக்கிறது. பழைய நாளில் இது ஆல்பர்ட் ஹால். காங்கிரஸ் பிறப்பதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1876-இல், சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்த மோகன் போஸும் இந்தியச் சங்கத்தைத் தொடங்கியது இந்த மண்டபத்தில். இப்போது அங்கே தலைப்பாகை கட்டிய பரிசாரகர்கள் வெள்ளை உடுப்பில் நடமாட, நூறு மேஜைகளில் நூறு சர்ச்சைகள் நடக்கின்றன. கல்கத்தாவில் காபி குடிப்பவர்கள் காபிக்காகக் குடிப்பதில்லை, பேசுவதற்காகக் குடிக்கிறார்கள் என்று ஒரு வாயிலேயே தெரிந்துகொண்டேன். அதற்குமேல் காபியைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பதே விருந்தினருக்கு அழகு.

மனைவியைப் பேசவைக்க வேண்டும் என்று நான் வ. உ. சி. யின் கதையை எடுத்தேன். அவள் ஊர்க்காரர் அல்லவா? வங்காளத்தில் பற்றிய சுதேசித் தீ தூத்துக்குடியில் 1906-இல் கப்பல் கம்பெனியாக உருவெடுத்தது. இந்தக் கல்கத்தாவின் பிபின் சந்திர பாலர் 1908-ஆம் வருஷம் மார்ச் மாதம் சிறையிலிருந்து விடுதலையான நாளை நெல்லைச் சீமையில் கொண்டாடப் போய்த்தான், பிள்ளையவர்களும் சிவாவும் கைதியானார்கள். திருநெல்வேலியில் துப்பாக்கி வெடித்தது. இங்கே ஒருவர் வெளியே வந்தார். அங்கே இருவர் உள்ளே போனார்கள்.

"பாருங்கள். அவர்கள் அனுப்பியது நமக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. நாம் அனுப்பியது எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை" என்றாள் அவள்.

அன்றிரவு மருமான் வீட்டில் பெரிய ஆலோசனை. அவன் இருப்பது லேக் மார்க்கெட் பக்கம். தென்னிந்தியர்கள் தலைமுறையாக வாழும் பகுதி. கறிவேப்பிலையும் வாழையிலையும் தாராளமாகக் கிடைக்கும். மாடி வீட்டு வங்காளி அம்மாள் எங்களைப் பார்க்க வந்தவர், நியூ மார்க்கெட் கதையைக் கேட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு தம் கையை நீட்டிக் காட்டினார். வெள்ளைச் சங்கு வளை. அதையொட்டிச் சிவப்பு வளை. நடுவில் மெல்லிய இரும்புக் காப்பு. இங்கே சுமங்கலிகளுக்கு நம் திருமாங்கலியம் போன்றவை இவை. "பாரக்பூருக்குப் போங்கள். அங்கே சங்கபணிக் காலனி என்று இருக்கிறது. டாக்காவிலிருந்து வந்த சங்கறுப்பவர்கள் குடியேறிய இடம். வீட்டுக்கு வீடு அதுதான் தொழில்" என்றார்.

பாரக்பூர், சியால்டாவிலிருந்து வடக்கே உள்ளூர் ரயிலில் போகவேண்டிய ஊர். போய்த் திரும்ப அரை நாள் ஆகும். எங்களுக்கு மிச்சம் இருந்ததே அரை நாள். ஞாயிறு பிற்பகல் ஷாலிமார் ஸ்டேஷனில் வண்டி. அந்த அரை நாளை நான் ஏற்கெனவே வேறொன்றுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.

எல்ஜின் ரோட்டில் நேதாஜியின் வீடு இருக்கிறது. 1941-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஓர் இரவு, காவல் போட்டிருந்த அந்த வீட்டிலிருந்து அவர் மாறுவேஷத்தில் காரில் ஏறித் தப்பினார். ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர். அந்தக் கார் இன்னமும் அங்கே நிற்கிறது. என் பெரியப்பா மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதியவர். 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் படம் கிடையாது, நேதாஜியின் படந்தான் உண்டு. பெரியம்மா அதற்குத்தான் பூ வைப்பாள். அந்தக் காரின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரவேண்டும் என்பது என் மூன்றாம் பக்கம்.

வீடு திறப்பதோ பதினொரு மணிக்கு மேல். பாரக்பூருக்குப் போனால் அது நடவாது.

"மாமா, நீங்கள் நேதாஜி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அத்தையை நான் பாரக்பூருக்கு அழைத்துப் போகிறேன்" என்றான் மருமான். நியாயமான யோசனை. என் மனைவியும் "அதுதான் சரி" என்றாள். ஆனால் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள்.

படுத்தேன், தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் கேட்ட கதையின் கடைசிப் பக்கம் நாளைக்கு வரப்போகிறது. அதை மருமான் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதா? காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று டிக்கட் எடுக்கச் சொன்னேன். நேதாஜியின் வீட்டை நான் பார்க்கவில்லை.

பாரக்பூரில் இறங்கினோம். 1857-ஆம் வருஷம் மார்ச் மாதம் 29-ஆம் தேதி மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கியது இந்த ஊர்ப் பட்டாளத் திடலில்தான். ஒரு நாளில் ஒரு தேசபக்தரையாவது கும்பிட்டுவிட வேண்டாமா? திடல் இருக்கும் திசையை விசாரித்து, அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பிவிட்டு, மூன்று சக்கர வண்டியில் ஏறினேன்.

காலனிக்குள் நுழையும்போதே காதில் விழுந்தது மின்சார ரம்பத்தின் கிறீச்சொலி. சந்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. செடிகளின் இலைகூட வெளுத்திருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயதுக் கிழவர் ஒருவர், இடுப்பில் ஒரு துண்டோடு, நீண்ட அரத்தால் வளைக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தார். தாடி, புருவம், கைமயிர் எல்லாம் ஒரே வெள்ளை; வயதால் எவ்வளவு, சங்கால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மருமான் பேச்சுக் கொடுத்தான். தகப்பனார் காலத்தில், பிரிவினைக்கு அப்புறம், டாக்காவின் சங்காரி பஜாரை விட்டு வந்த குடும்பமாம். அங்கே நூற்றாண்டுக் கணக்கில் இதே தொழில். சுவரில் ஒரு பெரிய இரும்பு ரம்பம் மாட்டியிருந்தது, பிறை வடிவம், இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க முடியும். அவருடைய தகப்பனார் சங்கைக் காலால் இடுக்கிக்கொண்டு அந்த ரம்பத்தால் நாள் முழுதும் அறுத்தவராம். இப்போது அறுப்பதற்கு மின்சார யந்திரம் வந்துவிட்டது. அது சுவரிலேயே இருக்கிறது.

கிழவர் எங்களுக்காக ஒரு சங்கை எடுத்தார். சுத்தியலால் நுனியைத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் முறுக்குத் தண்டை வெளியே எடுத்தார். பேரன் அதை யந்திரத்தில் வைத்துக் குறுக்கே அறுத்தான். வளையங்கள் விழுந்தன, ஒரு சங்குக்கு விரல்விட்டு எண்ணும்படிதான். அவற்றிலும் நடுப்பாகத்தில் விழுந்தவைதான் வளைக்கு உத்தமம். புழு துளைத்திருந்தால் அதுவும் கழிவு. மிஞ்சியதில் மோதிரம், பொத்தான்; அதற்கும் உதவாததை இடித்துத் தூளாக்கி முகத்துக்குப் பூசுவதற்கு விற்கிறார்களாம். எதையும் எறிவதில்லை. அகநானூற்றில் சங்கை அரத்தால் அறுத்து வளை செய்தவரைப் பற்றிய குறிப்பு உண்டு. கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் நாமே செய்து நாமே அணிந்தது. நம் கைகள் அதை மறந்தன. இந்தக் கைகள் மறக்கவில்லை.

மூலையில் சங்குகள் குவிந்திருந்தன. என் மனைவி குனிந்து ஒன்றை எடுத்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதை அப்படியே வைத்தபடி, "இது எங்கிருந்து வருகிறது என்று கேள்" என்றாள்.

கிழவர் குவியலைக் காட்டி ரகம் ரகமாகச் சொன்னார். இது ராமேஸ்வரி. அது பட்டி. இவள் கையில் இருந்ததைப் பார்த்து, ரகங்களுள் மேலானது என்ற குரலில், "தித்குட்டி" என்றார்.

மருமானுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. என் மனைவிதான், "தூத்துக்குடி!" என்றாள். கிழவர் தலையை ஆட்டி, "ஹாம், ஹாம், தித்குட்டி" என்றார். அது ஓர் ஊரின் பெயர் என்று அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. சங்கின் பெயர் என்றுதான் அவரும் அவர் தகப்பனாரும் நினைத்திருந்தார்கள்.

பிறகு நடந்த சம்பாஷணையில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. மருமானுக்கு மூச்சுவிட நேரமில்லை. எங்கள் அப்பாதான் மூட்டை கட்டி அனுப்பியவர் என்று இவள் சொன்னாள். கிழவர் அரத்தைக் கீழே வைத்தார். அறுபது வருஷமாகத் தாம் ஒரு கேள்வி கேட்க ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சங்கு கடலில் எப்படி இருக்கும்? வலை போட்டுப் பிடிப்பதா? கரையில் ஒதுங்குமா?

இவள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள். படிந்திருந்த வெள்ளைத் தூளின்மேல் விரலால் படம் போட்டாள். சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும், அது ஊர்ந்த தடம் மணலில் கோடாகத் தெரியும், குளிகாரர் மூச்சை அடக்கி மூழ்கி, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எடுப்பார், இப்போது குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு மூழ்குகிறார்கள், ஆபத்தும் அதற்குத் தக்கபடி கூடிவிட்டது, எல்லாம் சொன்னாள். வட்டத் துவாரப் பலகையைப் பற்றிச் சொன்னபோது, கிழவரின் மனைவி, மருமகள், பேரன், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் எல்லோரும் கூடிவிட்டார்கள். நாற்றத்தைப் பற்றிச் சொன்னதும் கிழவியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டம் இங்கேயும் அதேதானாம். கிழவர் கிணற்றடியில் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது.

"அப்பா ஒன்று கேட்பார்" என்றாள் இவள். "இத்தனை சங்குக்கும் கைகள் இருக்கின்றனவா என்று."

கிழவர் எதிர்ச் சந்தைக் காட்டினார். தண்ணீர்க் குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். எல்லாக் கையிலும் வெள்ளை வளை.

வளைக்கு அளவு எடுத்தார்கள். கிழவியம்மாள் இவள் கையில் சோப்புத் தடவி, விரல் முட்டியை அமுக்கி, லாகவமாக ஏற்றிவிட்டாள். விலையைச் சொல்லக் கிழவர் தயங்கினார். வற்புறுத்தியதில் ஏதோ சொன்னார். அது குறைவு என்று எனக்கே தெரிந்தது. கூடுதலாகக் கொடுத்ததை வாங்கவில்லை. பேரன் இந்தத் தொழிலில் நிற்பானா என்று மருமான் விசாரித்ததற்கு, அவன் கைபேசிக் கடையில் வேலைக்குச் சேரப் போகிறான் என்று பதில் வந்தது. சொல்லிவிட்டு அவர் மறுபடியும் அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் நேரமாகிவிட்டது.

ஷாலிமாரில் வண்டியைப் பிடித்தது ஒரு தனிப் பாடு. காளி கோயில் குங்குமம் வாங்க மறந்துவிட்டோம்; மருமான் தபாலில் அனுப்புவதாகச் சொன்னான். ரசகுல்லா டப்பாக்கள் மட்டும் கால்மாட்டில் உருண்டுகொண்டிருந்தன. வண்டி கரக்பூரைத் தாண்டும்போது, எதிர் ஆசனத்தில் இருந்த வங்காளி அம்மாள் என் மனைவியின் கையைப் பார்த்தாள். தன் ஊர்க்காரி என்று நினைத்தாள் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே வங்காளியில் ஏதோ கேட்டாள். மருமான் கூட இல்லை. என்ன கேட்டாள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

என் மனைவி வளையைத் தொட்டுக் காட்டி, "தூத்துக்குடி" என்றாள்.

அந்த அம்மாள் எல்லாம் புரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து நீட்டினாள்.